ஒல்லியானவருக்கும் ஏன் சர்க்கரை வருகிறது?

சூலை நோயோடு வந்த திருநாவுக்கரசருக்கு வயிற்றுவலி தீர்ந்த தலம் திருவதிகை. இன்று இந்த ஊர்க்காரர்களிடமும் நெய்வேலி சுரங்கத்தில் ஷிப்டு பார்ப்பவர்களிடமும் கேட்க வேண்டிய வயிற்றுக் கேள்வி வேறு: உங்கள் இடுப்புச் சுற்றளவு எவ்வளவு?

“நான் ஒல்லிதானே, எனக்கெப்படி சுகர் வரும்?” என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். அந்தத் தைரியம் ஆபத்தானது. புனே கே.இ.எம். மருத்துவமனை டாக்டர் யாஞ்னிக்கும் லண்டன் பேராசிரியர் ஜான் யுட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. ஆனால் உடம்பிலிருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஞ்னிக்குக்கு 21.2. எடை மெஷினுக்கு இது தெரியாது.

கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தொடையில், தோலுக்கடியில் தங்குவது அவ்வளவாகத் தொல்லை தராது. அங்கே இடம் போதாதபோது குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் படிகிறது. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல், தேவைக்கு மேல் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. அதை ஈடுகட்டக் கணையம் வருடக்கணக்கில் கூடுதலாகச் சுரந்து, ஒரு கட்டத்தில் தளர்ந்துபோகிறது. நம்மவர்களுக்குத் தோலடியில் சேமிக்கும் இடமே குறைவு என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

அதனால்தான் இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் வரம்பு இறுக்கமானது: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80. பேன்ட் அளவை நம்பாதீர்கள். தொப்பைக்குக் கீழே பெல்ட் போடுகிறவருக்கு அது பொய் சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின், தையல் டேப்பால் அளக்க வேண்டும்.

ஐ.சி.எம்.ஆர். உதவியுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். அளவு தாண்டியவர்கள் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம்தான்.

நோய்க்கு முந்தைய நிலையில் பிடித்துவிட்டால் வழி இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு சென்னையில் 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்றாண்டுக்குள் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவைத் திருத்தி, தினமும் அரைமணி நேரமாவது வேகமாக நடக்கச் சொல்லப்பட்டவர்களில் 39 சதவீதம்தான். இத்தனைக்கும் இவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை.