பரண் மேல் தாத்தா துப்பாக்கியா? ‘காலி’ன்னு நம்பி தொடாதீங்க!

சங்ககிரி:

பழைய வீட்டை இடிக்கும்போதும், பரணை ஒழிக்கும்போதும் சில சமயம் துருப்பிடித்த நாட்டுத்துப்பாக்கி கிடைப்பதுண்டு. ‘தாத்தா காலத்து சாமான், இனி எங்கே வெடிக்கப் போகுது’ என்று விசையை இழுத்துப் பார்ப்பதுதான் பெரிய ஆபத்து.

சங்ககிரி கோட்டையில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட 1805-ம் ஆண்டில் போர் வீரர்கள் கையில் இருந்ததும் இதே ரகம்தான். குழலின் வாய் வழியாக கரிமருந்தையும் குண்டையும் போட்டு கம்பியால் கெட்டிப்பார்கள். அப்போது சிக்கிமுக்கி கல் உரசி தீப்பொறி வந்தது. பின்னால் கேப் வந்தது.

ஊசியே கிடையாது

போலீஸ் துப்பாக்கியில் தோட்டாவின் பின்பக்கம் குத்தும் ஊசி (பயரிங் பின்) இருக்கும். நாட்டுத்துப்பாக்கியில் அது இல்லை. குதிரை நேராக நிப்பிள் மேலுள்ள கேப்பில் அடிக்கும். தீபாவளி பொட்டு வெடி மாதிரி கேப் வெடித்து, நெருப்பு துளை வழியாக மருந்துக்குப் போகும். அமெரிக்காவில் விற்கும் புது மாடல் சிலவற்றில்தான் ஊசி உண்டு. மருந்துக்கரி அடைத்தாலோ, முனை தேய்ந்தாலோ அது சரியாக அடிக்காது.

கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருஷமானாலும் வீரியம் போகாது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1861-65 உள்நாட்டுப் போர் கால பீரங்கிக் குண்டை சுத்தம் செய்தவர், 2008-ல் அது வெடித்து பலியானார். 140 வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்த குண்டு அது!

லைசென்ஸ் உள்ளவர்கள் கவனத்துக்கு

பயிரைக் காக்க இந்த வகைத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழி உண்டு. அப்படி வைத்திருப்பவர்கள் எடுத்தவுடன் கேப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு குழலுக்கு நேரே நிற்காமல், பக்கவாட்டில் இருந்து கம்பியை உள்ளே விட்டு, வாயோரம் அடையாளம் வைக்க வேண்டும். அதே கம்பியை வெளியே எடுத்து குழலோடு வைத்துப் பார்த்தால், முனை நிப்பிள் பக்கம் வரை வரணும். சில விரற்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே மருந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

காலி என்று உறுதியான பிறகு, குதிரை பாதியில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளம் தேய்ந்திருந்தால் லேசாக இடித்தாலே விழுந்து வெடிக்கும்.

அடித்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே குழலுக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது. சில நேரம் தாமதமாக வெடிக்கும். ஆள் இல்லாத பக்கம் காட்டியபடி 1 நிமிடமாவது காத்திருக்க வேண்டும்.

சுட்ட பிறகு படியும் கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு எண்ணெய் போடணும்.

பட்டறை பக்கம் போகாதீங்க

லாரிப் பட்டறைக்குப் பேர்போன ஊர் சங்ககிரி. லேத்தில் கொடுத்து ஒட்டிக்கலாம் என்று நினைத்தால் சிக்கல்தான். துப்பாக்கியை ரிப்பேர் செய்யவே தனி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டு வரை ஜெயில்.

சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைக்கிராமங்களில், தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீசார் பலமுறை அறிவித்து, துப்பாக்கிகளை வாங்கியிருக்கிறார்கள். அதனால் பரணில் கிடைத்ததை பையில் போட்டு பஸ்சில் எடுத்துப் போக வேண்டாம். கிடந்த இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, 100-க்கு போன் செய்து போலீசாரை வீட்டுக்கு வரச் சொன்னால் போதும்.