எங்கே என்னும் வினா

போரினால் 2006ஆம் ஆண்டில் சம்பூரை விட்டுப் பெயர்ந்த நாங்கள், 2015இலும் 2016இலுமே மீண்டும் ஊர் கண்டோம். இடையில், முகாம்களில், கொட்டியாரக் குடாவைப் பிரிந்த மீனவரைக் கண்டேன். வலை வீசும் கை இருந்தது, தொழில் இல்லை. வயலைப் பிரிந்த கமக்காரருக்கும் அஃதே நிலை.

அந்நினைவை அண்மையில் ஒரு மாணவியின் வினா கிளறிவிட்டது. “புரதம் ஆக்க உதவாத ஆர்.என்.ஏ. மனிதக் கலத்தினுள் எங்கே இருக்கிறது, சேர்?” என்றாள். என்ன செய்கிறது என்று கேட்டாளில்லை. நல்ல வினாவென்றே எனக்குத் தோன்றிற்று.

நமது டி.என்.ஏ.யில் புரதத்துக்குரிய குறிப்பைத் தாங்கும் பகுதி நூற்றுக்கு இரண்டினும் குறைவு. எஞ்சியதன் பெரும்பகுதியைக் ‘குப்பை’ என்றனர் சிலர். அதில் எவ்வளவுக்குப் பயன் உண்டென்பது இன்றும் விவாதமே. ஆயினும் ஆங்குப் பிறக்கும் ஆர்.என்.ஏ.க்களுட் சில, வெறுமனே பிறந்து அழிவன அல்ல. ஒளிரும் சாயம் ஏற்றிய இணைத்துண்டொன்றைக் கலத்தினுட் செலுத்தினால், அது தன் இணையைத் தேடி ஒட்டிக்கொள்ளும். நுணுக்குக்காட்டியில் இருப்பிடம் துலங்கும். மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் பெரும்பாலும் குழியவுருவிலே தொழில் புரிகின்றன. வேறு சில கருவை விட்டு வெளியேறுவதே இல்லை.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லகோத்தியா குழுவினர் பழ ஈயின் கருவிலே இத்தகைய ஆர்.என்.ஏ. ஒன்று புள்ளிபுள்ளியாய்ப் பரவியிருக்கக் கண்டு, 2000ஆம் ஆண்டில் ‘ஒமேகாப் புள்ளிகள்’ எனப் பெயரிட்டனர். வெப்பம் தாக்கியதும் அப்புள்ளிகள் யாவும் தாம் பிறந்த இடத்தில் வந்து குவிகின்றன. சூடு தணிந்தபின் மீண்டும் பரவுகின்றன. மனிதக் கலத்தை 42 பாகை செல்சியசில் வைத்தாலும் இதனையொத்த காட்சிதான். 9ஆம் நிறமூர்த்தத்திலே ஓர் ஆர்.என்.ஏ. பெருகி, பிறந்த இடத்திலேயே தங்கிப் புரதங்களைத் தன்பாற் சேர்த்துக்கொள்கிறது. ஈக்கும் மனிதனுக்கும் இவ்வளவு ஒற்றுமையா என்று வியந்தேன்.

1991இல் அறியப்பட்ட ‘எக்சிஸ்ட்’ இன்னும் விந்தையானது. பெண்ணின் உடற்கலங்களில் எக்ஸ் நிறமூர்த்தங்கள் இரண்டு. ஒன்றிலே பிறக்கும் இவ்வார்.என்.ஏ., அதன்மீதே போர்வைபோற் படர்ந்து அதனை அடக்கிவிடுகிறது.

“அங்கேயே எப்படி நிற்கிறது, சேர்?” என்றாள் அம்மாணவி.

பற்றிப் பிடிக்கப் புரதமொன்று உண்டு என்றேன். எலிக் கலங்களில் அப்புரதத்தைக் குறைத்துப் பார்த்தனர். எக்சிஸ்ட் குறைவின்றி இருந்தது. ஆனால், இடம் பெயர்ந்து கருவெங்கும் சிதறிற்று. நிறமூர்த்தம் அடங்கவில்லை.