12 ரவுண்டில் 11 குறி தப்பவில்லை! லண்டன் கூடத்தில் தொடங்கி புதுவை வரை வந்த துப்பாக்கிப் பழக்கம்

புதுச்சேரி,
"டுமீல்!"
சினிமாவில் கதாநாயகன் ஒரே கையால் சுடுகிறார். வில்லன் சுருண்டு விழுகிறான். கதாநாயகன் கை இம்மிகூட அசையவில்லை.

நிஜத்தில் இது நடக்குமா? நடக்காது!

குழல் குட்டை, தோட்டா பெரிது என்றால் ரிவால்வர் கையைத் தூக்கி உதறும். குழல் முனையில் தீ பாயும். காதை மூடாமல் சுட்டால் 'கொய்ங்' என்று அடைத்துக்கொள்ளும். இரண்டு ரவுண்டு சுட்டவனுக்கு மூன்றாவது ரவுண்டில் பயம் வந்துவிடும். விசை விழுவதற்கு முன்பே கை வெட்டும். குண்டு குறிக்குக் கீழே மண்ணில் போய்ப் புதையும். இந்த வெட்டு போவதற்குத்தான் பழக்கமே!

இப்படி உதைப்பதில் பேர் போனது 'மேக்னம்' ரகம். அமெரிக்காவில் அது வந்தது 1935-ல்தான். அதற்கு முன்பே, சின்னக் கைத்துப்பாக்கியை வைத்துக் கையைப் பழக்கியவர்களின் கதை ஒன்று புதுவைக்கு உண்டு. அது தொடங்கிய இடம் லண்டன்.

18 அடி தூரம்

லண்டன் டோட்டன்ஹாம் கோர்ட் ரோடு. கதவு எண் 92. காசு கொடுத்துச் சுட்டுப் பழகும் கூடம் அது. பஞ்சாப் மாணவர் மதன்லால் திங்ரா வாரத்தில் 2, 3 தடவை வருவார். கையில் சொந்தமாக ஒரு கோல்ட் பிஸ்டல்.

1909 ஜூலை 1, மாலை 5.30 மணி. 18 அடி தூரத்தில் குறி. 12 ரவுண்டு சுட்டார். 11 குறியில் பட்டது!

அன்று இரவே ஒரு வரவேற்பு விழாவில் ஆங்கிலேய அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். தடுக்க ஓடி வந்த பார்சி டாக்டர் லால்காகாவும் பலியானார். கூடத்தை நடத்தியவர் கோர்ட்டில் சாட்சி சொன்னார். ஆகஸ்ட் 17-ல் திங்ராவுக்குத் தூக்கு.

வேஷம் மாறி வந்த ஐயர்

அப்போது லண்டனில் இருந்தவர் திருச்சி வரகனேரி வ.வே.சு. ஐயர். போலீஸ் தேடியது. வேஷம் மாறித் தப்பி 1910-ல் புதுவை வந்து சேர்ந்தார்.

ஏன் புதுவை? அன்று இது பிரெஞ்சுக்காரர் மண். வெள்ளைக்காரன் 1878-ல் போட்ட ஆயுதச் சட்டம் இங்கே செல்லாது. வில்லியனூர், பாகூர் பக்கம் எல்லை வயலுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். ஒரு வயல் பிரெஞ்சு, பக்கத்து வயல் இங்கிலீஷ்!

புனலூரில் காட்டிலாகா குமாஸ்தாவாக இருந்த செங்கோட்டை வாஞ்சிநாதன் லீவு போட்டுவிட்டுப் புதுவை வந்தார். அவருக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் ஐயர். வாஞ்சிக்கு வயது 25.

மணியாச்சியில் இரண்டு பிணம்

1911 ஜூன் 17 காலை. மணியாச்சி ஜங்ஷனில் ரயில் நின்றது. முதல் வகுப்புப் பெட்டியில் நெல்லை கலெக்டர் ஆஷ். எதிரே அவர் மனைவி. வாஞ்சி உள்ளே ஏறினார். பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல் வெடித்தது. ஆஷ் சாய்ந்தார்.

பிளாட்பாரத்தில் ஓடிய வாஞ்சி கக்கூசுக்குள் புகுந்தார். இன்னொரு வெடிச் சத்தம். தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

14 பேர் மீது வழக்கு. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு ஜெயில். புதுவையில் இருந்த பாரதியாரையும் ஐயரையும் வெள்ளைக்காரன் போலீஸ் நிழல் போலச் சுற்றியது. 1925-ல் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் பாய்ந்த ஐயர் வெள்ளத்தோடு போனார்.

இன்று அந்த எல்லை இல்லை. வில்லியனூருக்கும் பாகூருக்கும் 1959-ம் வருட ஆயுதச் சட்டம்தான். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த ரயில் நிலையத்தின் பெயரே இன்று வாஞ்சி மணியாச்சி. ஆனால் கூடத்தில் இருந்தது ஒரே ஒரு குறி. லண்டனில் விழுந்தது இரண்டு பேர். மணியாச்சியிலும் இரண்டு பேர்.

கையைப் பழக்கிவிடலாம். கையை விட்டுப் போன குண்டைப் பழக்க முடியுமா?