சேர்க்கைக் கடிதம் மட்டும் போதுமா? பன்னாட்டு விவகாரப் பட்டத்தை நிறைவுசெய்யத் தேவையானவை

அயல்நாட்டுக் கல்விக்கு கடன் கேட்டு வரும் பெற்றோர் பலர், கல்லூரியின் பெயர், கட்டணம், விசா, தங்குமிடம் ஆகிய அனைத்தையும் விசாரித்து அறிந்தே எங்களிடம் வருகின்றனர். பட்டத்தை நிறைவுசெய்ய என்னென்ன வேண்டும் என்று கேட்டால் மட்டும், "நான்கு ஆண்டு படிக்க வேண்டும்" என்பதோடு விடை நின்றுவிடுகிறது. நான்கு ஆண்டு என்பது வழக்கமான கால அளவே. வகுத்துள்ள நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேறிய பின்னரே பல்கலைக்கழகம் பட்டம் வழங்கும். ஒரு நிபந்தனை தவறினாலும் படிப்பு நீளும். அதனுடன் செலவும் வட்டியும் நீளும்.

அண்மைக் காலத்தில் இளைஞர்களைக் கவர்ந்துவரும் பன்னாட்டு விவகாரப் படிப்பில் இந்த உண்மை தெளிவாகப் புலப்படுகிறது. அரசியல், பொருளியல், வரலாறு, புவியியல், மொழி எனப் பல துறைகள் ஒன்றுகூடும் படிப்பு இது. ஆகவே நிபந்தனைகளும் பலவகைப்படும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் அயலுறவுப் பணிப் பள்ளியை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவற்றைக் காண்போம். 1919-ஆம் ஆண்டில் எட்மண்ட் வால்ஷ் என்ற இயேசு சபைப் பாதிரியார் நிறுவிய பள்ளி இது. அமெரிக்க அரசு தன் அயலுறவுப் பணியை ஒரே அமைப்பாகத் திரட்டியது 1924-இல்தான். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான பில் கிளின்டன் 1968-இல் இங்கு இளநிலைப் பட்டம் பெற்றார்.

120 என்னும் கணக்கு

இப்பட்டத்துக்கு மொத்தம் 120 கிரெடிட்டுகள் தேவை. பெரும்பாலான பாடங்கள் ஒவ்வொன்றும் 3 கிரெடிட் மதிப்புடையவை. பருவத்துக்கு 5 பாடம் வீதம் படித்தால் 15 கிரெடிட் சேரும்; எட்டுப் பருவங்களில் 120 நிறைவுறும்.

இங்கு ஒரு நுட்பத்தைப் பெற்றோர் அறிதல் நன்று. அமெரிக்க மாணவர் விசா விதிப்படி, இளநிலை மாணவர் ஒரு பருவத்தில் குறைந்தது 12 கிரெடிட் படித்தால் முழுநேர மாணவராகக் கருதப்படுவார். 12 போதும் என்று எண்ணி ஒவ்வொரு பருவத்திலும் அவ்வளவே எடுப்பவர், எட்டுப் பருவங்களின் முடிவில் 96 மட்டுமே சேர்த்திருப்பார். மீதி 24 கிரெடிட்டுக்கு, அதே வேகத்தில், இன்னும் ஓராண்டு வேண்டும். விசாவைக் காக்கும் எண் வேறு. பட்டத்தை ஈட்டித் தரும் எண் வேறு. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முழுநேர மாணவருக்குப் பருவக் கட்டணம் ஒரே தொகைதான். அத்தகைய இடங்களில் 12 கிரெடிட் எடுத்தாலும் 15 எடுத்தாலும் செலுத்தும் பணத்தில் வேறுபாடு இராது.

தேர்ந்தெடுக்க இயலாத பாடங்கள்

விருப்பம்போல் பாடங்களைத் திரட்டி 120-ஐ எட்டிவிட முடியாது. எல்லா மாணவரும் படித்தாக வேண்டிய அடிப்படைப் பாடங்கள் உண்டு. அவற்றுள் எங்கள் கவனத்தை ஈர்ப்பது பொருளியல். நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், பன்னாட்டு வணிகம், பன்னாட்டு நிதி என்று நான்கு பாடங்கள் உள்ளன. ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த படிகள் இவை. முதலிரண்டையும் கற்காமல் பின்னிரண்டுக்குச் செல்ல இயலாது. முதலாண்டில் பொருளியலைத் தள்ளிப்போட்ட மாணவர் இறுதியாண்டில் நெருக்கடிக்கு உள்ளாவதற்கு இதுவே காரணம். கணிதத்தை வெறுத்து இத்துறையை நாடும் பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நலம்.

அரசியல், வரலாறு, மெய்யியல் ஆகியவற்றோடு, 'தற்கால உலகின் வரைபடம்' என்னும் கட்டாயப் பாடமும் இப்பள்ளியில் புகழ்பெற்றது. அதன் மதிப்பு ஒரே ஒரு கிரெடிட். நாடுகளின் எல்லைகள் எவ்வாறு உருவாயின, எங்கெங்கு பிணக்குகள் உள்ளன என்பதைப் புவியியல் வழியே கற்பிப்பது அது. மதிப்பு ஒன்றே ஆயினும் அதைத் தவிர்த்துப் பட்டம் பெற வழியில்லை.

இவற்றுக்கு மேல் ஒரு சிறப்புப் பிரிவை இரண்டாம் ஆண்டுக்குள் தெரிவுசெய்ய வேண்டும். பன்னாட்டு அரசியல், பன்னாட்டுப் பொருளியல், பன்னாட்டு வரலாறு, பண்பாடும் அரசியலும் முதலியன அவற்றுட் சில. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் பாடத்தொகுதி உள்ளது. காலம் கடந்து பிரிவை மாற்றினால், முன்பு படித்த சில பாடங்கள் புதிய பிரிவின் கணக்கில் சேராமல் போகலாம்.

மொழி என்னும் பெரும் படி

மாணவர் பலரின் கால அட்டவணையைக் குலைப்பது அயல்மொழி நிபந்தனையே. இப்பள்ளியில் சில பருவங்கள் மொழி வகுப்பில் அமர்ந்தால் மட்டும் போதாது. அம்மொழியில் படித்துணரவும் உரையாடவும் வல்லவர் என்பதைத் தேர்வில் மெய்ப்பிக்க வேண்டும்.

மொழியைத் தெரிவுசெய்வது காலத்தைத் தெரிவுசெய்வதும் ஆகும். அமெரிக்க அரசின் அயலுறவுப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர் ஒரு மொழியில் பணிக்குரிய தேர்ச்சி பெற ஆகும் காலத்தை வகைப்படுத்தியுள்ளது. ஸ்பானியம், பிரெஞ்சு போன்றவற்றுக்கு ஏறத்தாழ 24 முதல் 30 வாரங்கள். அரபு, சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்கு 88 வாரங்கள், அதாவது சுமார் 2,200 வகுப்பு மணிகள். நம் தமிழை அந்நிறுவனம் 44 வார வகுப்பில் வைத்துள்ளது. இது முழுநேரப் பயிற்சிக்கான கணக்கு. ஐந்து பாடங்களுள் ஒன்றாக மொழியைக் கற்கும் மாணவர், சீனமோ அரபோ தெரிவுசெய்தால் முதற்பருவத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.

இத்தனையும் நிறைவேறினாலும், ஒட்டுமொத்தத் தரப்புள்ளி 4-க்கு 2.0-க்குக் குறையக் கூடாது. எழுத்துத் தரத்தில் அது 'சி' சராசரி.

கடனுடன் உள்ள தொடர்பு

பொதுவாகக் கல்விக்கடன் தொகையை வங்கி ஒரே தடவையில் வழங்குவதில்லை. பருவந்தோறும், முந்தைய பருவத்தின் முன்னேற்றத்தைப் பார்த்தே அடுத்த தொகை விடுவிக்கப்படும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, தவணை செலுத்துவதிலிருந்து விலக்கு அளிக்கும் காலம் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் ஆகும். அக்காலத்தில் தவணை இல்லையே தவிர, வட்டி உண்டு. அது தனிவட்டியாகச் சேர்ந்துகொண்டே இருக்கும்.

எடுத்துக்காட்டாக, 40 லட்சம் ரூபாய்க் கடன், 10 விழுக்காடு வட்டி என்று கொள்வோம். படிப்பு ஓராண்டு நீண்டால் வட்டி மட்டும் 4 லட்சம் ரூபாய் கூடும். அவ்வாண்டுக்கான கட்டணமும் உணவு, தங்கும் செலவும் இதற்குப் புறம்பானவை. அனுமதித்த தொகையில் அவை அடங்கியிரா. விலக்குக் கால நீட்டிப்பு, தக்க காரணம் இருப்பின், கடன் அனுமதித்த அதிகாரியின் பரிசீலனைக்கு உரியது. அதை உரிமையாகக் கருதலாகாது.

இந்தியாவிலும் கணக்கு உண்டு

உள்நாட்டில் படிப்போருக்கும் இக்கருத்து பொருந்தும். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட வரைமுறைப்படி, மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட்டுகளும், நான்காண்டு ஹானர்ஸ் பட்டத்துக்கு 160-உம் தேவை. ஈட்டிய கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கக் 'கல்விசார் கிரெடிட் வங்கி' என்னும் ஏற்பாடு 2021 முதல் உள்ளது. அதில் சேர்ந்தவை அதிகபட்சம் ஏழாண்டுகள் செல்லுபடியாகும்.

இன்னொரு தெளிவும் தேவை. இந்திய அயலுறவுப் பணிக்கு இப்பட்டம் கட்டாயமன்று. அங்கீகாரம் பெற்ற எந்தத் துறைப் பட்டம் உடையவரும் குடிமைப் பணித் தேர்வின் வழியே அதில் சேரலாம். அமெரிக்க அயலுறவுப் பணியோ அந்நாட்டுக் குடிமக்களுக்கே உரியது. தூதராக வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு பெருங்கடன் பெறும் முன் குடும்பத்தார் இதைச் சிந்தித்தல் வேண்டும். ஆய்வு, பன்னாட்டு நிறுவனங்கள், வணிகம், இதழியல் எனப் பரந்த நோக்கம் உடையோர்க்கு இப்படிப்பு நல்ல அடித்தளம்.

கையொப்பமிடும் முன்

கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் முன், மாணவர் சேரும் ஆண்டுக்குரிய பாடத்திட்டக் கையேட்டை அந்தந்தப் பல்கலைக்கழகத்திடமிருந்து பெறுங்கள். நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். எட்டுப் பருவங்களுக்கும் ஒரு தாளில் கட்டம் வரைந்து, அடிப்படைப் பாடங்கள், மொழி, சிறப்புப் பிரிவு ஆகியவற்றை மாணவரே நிரப்பட்டும். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் நிறைவுற்றது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்று பெற்றோரும் கேளுங்கள். கணக்குப் புத்தகத்தில் மாதந்தோறும் இருப்பைச் சரிபார்க்கும் பழக்கம் உடைய நமக்கு இது புதிதன்று. அந்தத் தாளின் ஒரு படியைக் கடன் விண்ணப்பத்துடன் இணைத்துத் தந்தால், எத்தனை பருவங்களுக்கு எவ்வளவு தொகை தேவைப்படும் என்பதை உங்களுடன் அமர்ந்து கணக்கிட எங்கள் கிளை அலுவலர்களுக்கும் எளிதாக இருக்கும்.