தாழ்த்திய காரும் தடம்மாறும் பிறேக்கும்

காரைத் தம் விருப்பப்படி திருத்தியமைப்போர் பெரும்பாலும் முதலிற் கைவைப்பது அதன் உயரத்திலேயாம். நிலத்தோடு படிந்தாற்போல நிற்குங் கார் பார்வைக்கு வேகமுடையதாகத் தோன்றும். வளைவுகளிற் சாய்வதுங் குறையும். ஆதலின் பழைய சுருள்விற்களைக் கழற்றிவிட்டுக் குறுகிய விற்களைப் பூட்டுகின்றனர். வில்லை மாற்றும்போது பிறேக்கும் உடன் மாறிவிடுகின்றதென்பதை அவருட் பலர் அறியார். தமிழாசிரியனுக்கு மோட்டாரில் என்ன வேலை என்று கேட்பாருமுளர். நிலைமொழியும் வருமொழியும் புணருங்கால் ஒன்று மற்றொன்றைத் திரிப்பதை நாள்தோறும் படிப்பிப்பவனுக்கு இச்செய்தி அத்துணைப் புதியதன்று.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன் நிறுவனம் 1974 ஆம் ஆண்டு வெளியிட்ட கோல்வ், பின்புறம் முழுவதும் ஒரே கதவாக மேலெழுந்து திறக்கும் சிறு கார். அதன் இரண்டாந் தலைமுறை 1983 இல் வெளிவந்தது. அறுபது இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான இக்கார் ஐரோப்பாவில் இன்றும் பலராலே திருத்தி ஓட்டப்படுகின்றது. இதன் பின் சில்லுகளைத் தாங்கும் இரு கைகளையும், முறுகவல்ல குறுக்குச் சட்டமொன்று இணைக்கின்றது. அவ்வச்சு இரு றப்பர் தாங்கிகளாலே உடலோடு பொருத்தப்பட்டுள்ளது.

இனி, பிறேக்கை அழுத்தும்போது நிகழ்வதை நோக்குவோம். ஓடுகின்ற கார் வேகங் குறையுமிடத்து அதன் பாரம் முன்னோக்கிச் சாய்கின்றது. காரின் நிறை 1000 கிலோகிராம் என்றும், அதில் 380 கிலோகிராம் பின் சில்லுகளில் தங்கியுள்ளதென்றும், புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து 550 மில்லிமீற்றர் உயரத்தில் உள்ளதென்றும் கணக்கிற்காகக் கொள்வோம். முன்பின் சில்லுகளின் இடைத்தூரம் 2475 மில்லிமீற்றர். அமர்முடுகல், புவியீர்ப்பினால் உண்டாகும் ஆர்முடுகலிற் பத்தில் எட்டுப் பங்காயின், ஏறத்தாழ 178 கிலோகிராம் பின்னிருந்து முன்னே மாறும். பின் சில்லுகளில் எஞ்சுவது 202 கிலோகிராமே. அக்காரிலே ஆட்களும் பொதிகளும் ஏறி மொத்த நிறை 1350 ஆகவும், பின்பாரம் 680 ஆகவும் உயரின், அதே அமர்முடுகலிற் பின்னே எஞ்சுவது 440 கிலோகிராம். முன்னையதின் இரு மடங்குக்கும் மேல்!

சில்லு தரையைப் பற்றும் வலிமை அதன்மீதுள்ள பாரத்தைப் பொறுத்தது. வெற்றுக் காரின் பின் சில்லுகளுக்கு மிகுந்த பிறேக் கொடுத்தால் அவை சுழற்சி நின்று வழுக்கும். முன் சில்லு வழுக்கினாற் கார் திருப்பத்திற்கு இணங்காது நேரே செல்லும், அது தீங்கு. பின் சில்லு முந்தி வழுக்கினாலோ வாற்புறம் பக்கவாட்டிற் பெயர்ந்து கார் முழுவதுஞ் சுழலும், அது பெருந்தீங்கு. சாரதி எத்துணைத் திறமையுடையவனாயினும் அவ்வேளையில் அவன் கைக்கு வேலையில்லை.

இதற்காகவே இக்காரின் பல வகைகளிற் பின்னச்சுக்கு அருகே ஒரு வால்வு அமைக்கப்பட்டுள்ளது. அதன் நெம்பினை ஒரு வில் அச்சோடு இணைக்கின்றது. பாரம் ஏறின் உடல் தாழும், நெம்பு அசையும், பின் சில்லுகளுக்கு மிகுந்த எண்ணெய் அமுக்கம் செல்லும். பாரம் இறங்கின் உடல் உயரும். ஓர் எல்லைக்கு மேற் பின் அமுக்கம் முன் அமுக்கத்தினும் மெதுவாகவே ஏறும். வால்வுக்குப் பாரந் தெரியாது. அதற்குத் தெரிந்தது உடலுக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் ஒன்றே.

குறுகிய வில்லைப் பூட்டி உடலை 60 மில்லிமீற்றர் தாழ்த்தினால் அத்தூரம் என்றுங் குறைந்தே நிற்கும். ஐவரும் பொதிகளும் ஏறியிருப்பதாக வால்வு கருதிக்கொள்ளும். சாரதி தனியே செல்லும் மழை நாளிலும் பின் சில்லுகளுக்கு அமுக்கம் மிகுதியாகவே போகும். புவியீர்ப்பு மையமுந் தாழ்ந்ததால் முன்செல்லும் பாரம் குறையுமன்றோ எனின், குறையும். நமது கணக்கில் 19 கிலோகிராம் அளவிலேதான். அது வால்வின் பிழையை ஈடுசெய்யப் போதாது. காரை உயர்த்துவோர்க்கு நேர்வது இதன் மறுதலை. பாரம் நிறைந்த வேளையிலும் பின் பிறேக் சோம்பி நிற்க, முன் பிறேக்கே எல்லாவற்றையுஞ் சுமந்து சூடேறும்.

பின் இருக்கையைக் கழற்றிவிட்டுப் பாரத்தை மேலுங் குறைப்பதும், முன்பின் அளவு பாராது பின் உருளைப் பிறேக்கைத் தட்டுப் பிறேக்காக மாற்றுவதும் இக்குழப்பத்தை வளர்ப்பன. குறுகிய வில்லோடு பழைய நீண்ட அதிர்வுதாங்கியை விட்டுவைத்தால், சில்லு கீழே தொங்கும்போது வில் தளர்ந்து இருப்பிடம் விலகக்கூடும். வால்வை அடியோடு எடுத்தெறிவோரும் உளர். அதனை அறிவுடைமையென எவ்வாறு சொல்வது?

செய்யவேண்டியது பெரிதன்று. விற்களை மாற்றியபின் கார் தன் புதிய உயரத்தில் நிற்க, நெம்பு வில்லின் இழுவையைத் திருத்தி, முன் பிறேக்கிலும் பின் பிறேக்கிலும் அமுக்கமானிகளைப் பூட்டி அளத்தல் வேண்டும். அதற்கு முன்னர், நெம்பு தாராளமாக அசைகின்றதா என்று கையாற் பார்த்தல் நன்று. காரின் அடியிற் சேறும், பனிக்கால வீதிகளில் தூவும் உப்பும் படிந்து, விற்களை மாற்றாத கார்களிற்கூட அது துருவேறி இறுகிவிடுவதுண்டு. சில்லுகளின் வேகத்தை மின்னணுக் கருவி கணித்துப் பின் அமுக்கத்தை அடக்கும் பிற்காலக் கார்களிலே இந்நெம்பு இல்லை. பழைய கோல்வை வாங்குபவர், பளபளக்கும் சில்லுகளை நோக்குமுன் குனிந்து பின்னச்சின் பக்கம் ஒருமுறை பார்ப்பாராக.