காகித வணிகம்: பின்லாந்தும் சீனாவும்

ஓலையில் எழுதிய நம் முன்னோர்க்குக் காகிதம் புதுவரவு. அச்சொல்லே பாரசீக மொழியின் ‘காகஸ்’ என்பதோடு உறவுடையது. சீனத்தில் தோன்றிய அத்தொழில் எட்டாம் நூற்றாண்டில் சமர்கந்து, பாக்தாத் நகரங்களை அடைந்து, பின்னர் மேற்றிசை சென்றது. காகிதத்தைக் கண்டறிந்த சீனாவும், காகிதத்தால் செழித்த பின்லாந்தும் காலப்போக்கில் வணிகத்தில் எவ்வாறு இடம் மாறின என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அளவுகோல்

பன்னாட்டுச் சுங்க வகைப்பாட்டில் காகிதமும் அட்டையும் 48 ஆம் அத்தியாயத்தில் அடங்கும். மரக்கூழும் கழிவுக் காகிதமும் 47 ஆம் அத்தியாயத்தைச் சேர்ந்தவை. ஒன்றை மட்டும் நோக்கின் உண்மை புலப்படாது. இரண்டையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

பின்லாந்து

நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு காடாகவுள்ள நாடு பின்லாந்து. 1917 வரை இரசியப் பேரரசின் பகுதியாக இருந்தமையால் அதன் காகிதம் இரசியாவிலேயே பெரிதும் விலைபோயிற்று. விடுதலைக்குப் பின் அச்சந்தை அடைபடவே, 1918 இல் ஆலைகள் கூடி ‘பின்பாப்’ என்னும் கூட்டு விற்பனைக் கழகத்தை நிறுவி, மேலை நாடுகளை நாடின. செய்தித்தாளும் வார இதழும் பெருகப் பெருக அந்நாடும் வளர்ந்தது. 2007 இல் காகிதமும் அட்டையுமாக 1 கோடியே 40 இலட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தியாயிற்று. அதில் மிகப்பெரும் பகுதி ஏற்றுமதிக்கே சென்றது.

பின்னர் வாசகர் கணினித் திரைக்கு மாறினர். 2023 ஆம் ஆண்டின் உற்பத்தி முன்னைய உச்சத்தில் பாதியளவும் எட்டவில்லை. 2021 இல் கெமி நகரின் வெய்ட்சிலுவோட்டோ காகித ஆலை மூடப்பட்டபோது ஏறத்தாழ 670 பேரின் பிழைப்பு கேள்விக்குள்ளாயிற்று. எனினும் அந்நகரிலேயே 2023 இல், ஆண்டுக்கு 15 இலட்சம் டன் திறனுடைய கூழாலை ஒன்று இயங்கத் தொடங்கியது.

சீனா

1990களில் செய்தித்தாள் காகிதத்தையும் அட்டையையும் பெருமளவில் இறக்குமதி செய்த நாடு சீனா. 2001 இல் உலக வணிக அமைப்பில் சேர்ந்தபின் அதன் ஏற்றுமதிப் பண்டங்கள் பெருகின. அவற்றைப் பொதிய அட்டைப்பெட்டிகள் தேவைப்பட்டன. பண்டம் இறக்கித் திரும்பும் கப்பல்கள் குறைந்த கூலிக்கு மேலை நாடுகளின் கழிவுக் காகிதத்தை ஏற்றிவந்தன. 2012 இல் மட்டும் அவ்வாறு வந்தது ஏறத்தாழ 3 கோடி டன். 2010களில் சீனாவின் உற்பத்தி ஆண்டுக்கு 10 கோடி டன்னைக் கடந்து, உலகில் முதலிடம் வகித்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. பண்டத்தோடு பெட்டியாகச் செல்லும் அட்டை, காகித ஏற்றுமதிக் கணக்கில் இடம்பெறுவதில்லை.

கலந்துவந்த குப்பையால் சூழல் கெடவே, 2021 சனவரி முதல் கழிவு இறக்குமதியைச் சீனா முற்றிலும் தடைசெய்தது. அதன்பின் தென்கிழக்காசிய ஆலைகளில் ஆக்கிய மறுசுழற்சிக் கூழும் அட்டையும் அங்குச் சென்றன.

உறவும் பாடமும்

இவ்விரு நாடுகளையும் வெறும் போட்டியாளர் எனல் பொருந்தாது. சீன ஆலைகளின் பெரும்பொறிகள் சில பின்லாந்து ஆக்கியவை. பின்லாந்துக் கூழைச் சீனா பெருமளவில் வாங்குகிறது. எனவே 48 ஆம் அத்தியாயத்தில் பின்லாந்து இழந்ததில் ஒரு பகுதியை 47 ஆம் அத்தியாயத்தில் ஈட்டியது எனலாம். ஆயினும் அவ்வீடு நாட்டுக் கணக்கிற்கே பொருந்தும். மூடிய ஆலையின் தொழிலாளி அனைவர்க்கும் புதிய ஆலையில் இடமில்லை. வணிகப் புள்ளிவிவரம் டன்னைச் சொல்லும், மனிதரைச் சொல்லாது. அவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பதே கல்வி கற்றோர் கடமையாகும்.