வளரும் பருவமும் கால்பந்துத் தேர்வும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. தென்காசிப் பள்ளி ஒன்றின் ஈர மைதானத்தில் 14 வயதுக்குட்பட்டோர் கால்பந்துக் குழுவுக்குத் தேர்வு நடப்பதாகக் கொள்வோம். ஒரு மாணவனின் நிறை 55 கிலோகிராம், மற்றவனுடையது 38. இருவரும் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் எதிரெதிரே ஓடிவந்து மோதுகிறார்கள். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம். பெரியவனுக்கு 275 அலகு, சிறியவனுக்கு 190. மோதியபின் இருவரும் ஒட்டியே நகர்ந்தால், பெரியவன் வந்த திசையில் வினாடிக்கு ஏறத்தாழ 0.9 மீட்டர் வேகத்தில் நகர்வர். சிறியவன் பின்னுக்குத் தள்ளப்படுகிறான். “தெம்பு போதாது” என்று அவன் பெயரை அடித்துவிடுகிறோம்.

இங்கே நாம் அளந்தது ஆட்டத்திறனையா, பருவத்தையா? ஆண்பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் சராசரியாக 14 வயதையொட்டி வருகிறது. சிலருக்கு ஓரிரு ஆண்டு முந்தும், சிலருக்குப் பிந்தும். தசைவலிமை அதற்குச் சற்றுப் பின்னரே விரைந்து கூடுகிறது. ஆகவே ஒரே நாளில் பிறந்த இருவரின் எலும்பு வயது வேறாக இருக்கலாம்.

17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைப் போட்டிகளில் 2009 முதல் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. படமெடுத்துப் பார்க்கிறார்கள். எலும்பின் வளர்தகடு முழுதும் மூடிவிட்டிருந்தால் வயது பெரும்பாலும் 17ஐத் தாண்டியிருக்கும். வயதை மறைப்பவரைப் பிடிக்க இது உதவும். பிந்தி வளர்பவனைக் காப்பாற்றாது! இங்கிலாந்துப் பயிற்சிக் கழகங்கள் சிலவற்றில் வயதை விட்டு, வளர்ச்சி நிலையைக் கொண்டு குழு பிரித்தும் ஆடவைக்கிறார்கள்.

நம் பள்ளிகளுக்கு ஓர் அளவுநாடா போதும். மூன்று மாதத்துக்கொருமுறை உயரத்தைக் குறித்து வாருங்கள். ஆண்டுக்கு 5 செ.மீ. அளவிலேயே ஏறிவரும் 13 வயதுச் சிறுவனுக்குப் பெரும்பாலும் வேக வளர்ச்சி இனிமேல்தான். அவனிடம் பார்க்க வேண்டியவை, வரும் பந்தைக் காலில் அடக்கும் விதமும் தோழனுக்குக் கொடுக்கும் நேரமும். அடுத்த ஆண்டுத் தேர்வுக்கும் அவனைக் கூப்பிடுங்கள்.